மெதுவாகப் போவதற்கென்றே ஒரு வண்டி: பழைய கறுப்பு சைக்கிள், 14 மாத அனுபவம்

விமர்சனம் எழுதும் அளவுக்கு இது புதிய பொருள் இல்லை. எந்த வருஷத்து வண்டி என்று எனக்கு விற்றவருக்கே தெரியவில்லை. கம்பி பிரேக், 28 அங்குலச் சக்கரம், பின்னால் கேரியர், எட்டி உதைத்தால் 'டங்'கென்று விழும் ஸ்டாண்டு. பால்காரரும் தபால்காரரும் ஓட்டிய அதே கறுப்பு சைக்கிள்தான். கியர் கிடையாது. கோயமுத்தூரை அடுத்த தொண்டாமுத்தூர் பக்கம் ஒரு தோட்டத்துச் சாளையில் உரமூட்டைகளுக்குப் பின்னால் சாய்ந்து கிடந்ததை 2,200 ரூபாய் கொடுத்து வாங்கினேன். இதில் வேகமாகப் போக முடியாது என்பதற்காகத்தான் வாங்கினேன்.

சைக்கிளை வேகமாகப் போகாததற்காக வாங்குவானா ஒருத்தன் என்று என் மனைவி கேட்டாள். கேள்வி நியாயமானதுதான். வீட்டில் ஏற்கெனவே ஒன்பதரைக் கிலோ எடையில் கியர் வண்டி நிற்கிறது.

எனக்கு வயது 63. மில்லில் பராமரிப்புப் பிரிவில் 31 வருஷம் இருந்தேன். 54 வயதில் சர்க்கரை எல்லையைத் தொட்டுவிட்டது என்று டாக்டர் சொன்னதும் சைக்கிள் ஓட்டத் தொடங்கினேன். முதலில் மருதமலை அடிவாரம் வரை, அப்புறம் சிறுவாணி ரோடு, அப்புறம் ஆனைகட்டி. 58 வயதில் முதல் 200 கிலோமீட்டர் பிரெவே, அதாவது குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர ஓட்டம். 13 மணி 30 நிமிஷ அவகாசத்தில் 12 மணி 10 நிமிஷத்தில் முடித்தேன். அன்று பிடித்த பைத்தியம்தான். ஞாயிறு தோறும் ஐ.டி. கம்பெனிப் பையன்களோடு 80, 100 கிலோமீட்டர். வாரத்துக்கு நடுவில் இரண்டு நாள் மேடு ஏறும் பயிற்சி. மிச்ச நாட்களில் 'சும்மா ஒரு ரவுண்டு'.

இந்த 'சும்மா ஒரு ரவுண்டு'தான் என்னைக் கவிழ்த்தது. திங்கட்கிழமை காலை கால் கனக்கும். இன்றைக்கு மெதுவாக உருட்டிவிட்டு வரலாம் என்று கிளம்புவேன். வடவள்ளி தாண்டுவதற்குள் 25 வயதுப் பையன் ஒருவன் முந்திப் போவான். போகும்போது "குட்மார்னிங் அங்கிள்" என்று வேறு சொல்வான். அந்த அங்கிளில்தான் எல்லாம் கெட்டது. அடுத்த மூன்று கிலோமீட்டருக்கு நான் அவன் பின்சக்கரத்தில் ஒட்டிக்கொண்டிருப்பேன். வீட்டுக்கு வந்து, ஓட்டத்தைப் பதிவு செய்து மற்றவர்களோடு ஒப்பிட்டுக் காட்டும் ஸ்ட்ராவா ஆப்பைத் திறந்தால் ஏதோ ஒரு துண்டுச் சாலையில் என் வயதுப் பிரிவில் மூன்றாமிடம். மகிழ்ச்சிதான். மறுநாள் படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடிக்க வேண்டியிருக்கும்.

61 வயதில் எல்லாம் ஒன்றாக வந்தது. காலையில் எழுந்ததும் எண்ணும் நாடித்துடிப்பு 54-லிருந்து 61-க்கு ஏறி அங்கேயே நின்றுவிட்டது. விடியற்காலை 3 மணிக்கு விழிப்பு வந்தால் அதோடு சரி. இடது முழங்காலுக்குக் கீழே ஒரு பிடிப்பு. அந்த வருஷம் ஓட்டிய 200 கிலோமீட்டருக்கு 13 மணி 5 நிமிஷம் ஆனது. பயிற்சி போதவில்லை என்று நினைத்து இன்னும் அதிகமாக ஓட்டினேன். மில்லில் பேரிங் சூடானால் முதலில் மிஷினை நிறுத்து என்று 31 வருஷம் பையன்களிடம் கத்தியவன் நான்.

விஷயம் ரகசியமொன்றும் இல்லை. கடினமாக ஓட்டும்போது தசை பலப்படுவதில்லை, தேய்கிறது. அதற்குப் பின் வரும் ஓய்விலும் தூக்கத்திலும் சாப்பாட்டிலும்தான் அது பலப்படுகிறது. வயதாக ஆக இந்தப் பழுதுபார்ப்பு மந்தமாகிறது. அதே அளவு புரதம் சாப்பிட்டாலும் தசை முன்புபோல் எடுத்துக்கொள்வதில்லை. ஆழ்ந்த தூக்கம் குறைகிறது. 35 வயதில் ஒரு ராத்திரியில் சரியானது எனக்கு இப்போது இரண்டு நாள் கேட்கிறது, சில சமயம் மூன்று. அந்த நாட்களில் ஒன்று வண்டியைத் தொடாமல் இருக்க வேண்டும், இல்லையென்றால் உடம்புக்கே தெரியாத அளவு லேசாக ஓட்ட வேண்டும். நான் இரண்டையும் செய்யாமல் நடுவில் ஒரு வேகத்தில் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஓய்வு என்று சொல்ல முடியாத வேகம். பயிற்சி என்றும் சொல்ல முடியாது.

லேசாக ஓட்டினால் லாக்டிக் அமிலம் கழுவிப் போகும் என்று எங்கள் குழுவில் இன்னும் சொல்கிறார்கள். அது சும்மா உட்கார்ந்திருந்தாலே ஒன்றிரண்டு மணி நேரத்தில் இறங்கிவிடும். மறுநாள் கால் வலிப்பது அதனால் இல்லை, தசை நார்களில் ஏற்படும் சின்னச் சின்னச் சேதத்தால். லேசான ஓட்டம் மூட்டின் விறைப்பை எடுக்கும், ரத்த ஓட்டத்தைக் கொஞ்சம் கூட்டும், மனதுக்கு நல்லது. முக்கியமாக, புதிதாகக் களைப்பைச் சேர்க்காது. இதற்கு மேல் அதற்கு மந்திரசக்தி இருப்பதாக நான் நம்பவில்லை.

முதலில் மற்றவர்களைப்போல் நானும் கருவியைத்தான் நம்பினேன். நாடித்துடிப்பு காட்டும் கைக்கடிகாரம் வாங்கினேன். அது காட்டிய துடிப்பு குண்டுகுழி ரோட்டில் தாவித் தாவிப் போனது. அப்புறம் மார்பில் கட்டும் பட்டை. அது சரியாகக் காட்டியது. அதிகபட்சத் துடிப்புக்கு 220-ல் வயதைக் கழிப்பது பழைய கணக்கு. வயதானவர்களுக்கு அதைவிடப் பொருத்தமானது என்று சொல்லப்படுவது 208-லிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிப்பது. எனக்கு 164 வருகிறது. இரண்டுமே தோராயம்தான், ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு மாறும். லேசான ஓட்டம் என்றால் அதில் 60 முதல் 65 சதவீதத்துக்குள், அதாவது எனக்கு 100-ஐ ஒட்டி. 106 தாண்டினால் கீச்சிடும்படி வைத்தேன். கீச்சிட்டது. கீச்சிட்டுக்கொண்டே இருந்தது. ஒரு வாரத்தில் ஒலியை அணைத்துவிட்டேன். பட்டையின் மேல் குற்றமில்லை. அது சொன்னது, நான் கேட்கவில்லை.

பிரஷருக்கு பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இந்த எண்ணெல்லாம் செல்லாது. அந்த மாத்திரை துடிப்பையே அழுத்திப் பிடிக்கும். முக்கி முக்கி ஓட்டினாலும் கருவி 100-ஐத்தான் காட்டும். அவர்களுக்குப் பேச்சுதான் அளவுகோல். பக்கத்தில் வருபவரிடம் நிறுத்தாமல் முழு வாக்கியமாக ஊர்க்கதை பேச முடிந்தால் சரியான வேகம். மூச்சுக்கு மூச்சு வாக்கியம் உடைந்தால் வேகம் அதிகம்.

இந்த வண்டி வந்த கதைக்கு வருகிறேன். ஓட்டும் நிலையில் அது இல்லை. எங்கள் பகுதியில் பழைய சைக்கிள் கடை ஒன்று மிச்சமிருக்கிறது. நடத்துகிறவருக்கு 75 இருக்கும். வண்டியை உருட்டிக்கொண்டு போய் நிறுத்தினேன்.

"ஏனுங்க தம்பி, இது ஷோவுக்குங்களா, ஓட்டறதுக்குங்களா?"

"ஓட்டத்தானுங்க. முழுசா ஓவராயில் பண்ணிக் கொடுங்க."

"உங்ககிட்ட கியர் வண்டி இருக்குதுங்களே, அதுக்கு என்னாச்சு?"

"அது வேகமாப் போகுதுங்க."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் ஒன்றும் கேட்காமல் செயின் கவரைக் கழற்ற ஆரம்பித்தார்.

இரண்டு நாள் வேலை. பெடல் அச்சைப் பிரித்துப் பால்ரஸ் மாற்றினார், பெடல் தண்டை அச்சோடு இறுக்கும் கோட்டர் பின் புதிதாக அடித்தார், இரண்டு ரிம்முக்கும் கோட்டம் எடுத்தார். நான் கேட்டுச் செய்த மாற்றம் ஒன்றே ஒன்று: பின்சக்கரத்தில் செயின் ஓடும் பல்சக்கரமான ஃப்ரீவீல் 18 பல்லாக இருந்தது, அதை எடுத்துவிட்டு 22 பல் போடச் சொன்னேன். மூணு சக்கர வண்டிக்குத்தான் அதைப் போடுவோம், கால் சும்மா சுத்தும், வண்டி நகராதே என்றார். அதுதான் வேண்டும் என்றேன். செயினில் கண்ணி சேர்க்க வேண்டியிருந்தது.

முன்னால் 44 பல், பின்னால் 18 என்றால் பெடலை ஒரு சுற்றுச் சுற்ற வண்டி ஐந்தரை மீட்டர் போகும். 63 வயது முழங்காலுக்கு அது கனம். லேசாகப் போக வந்தவன் ஒவ்வொரு மிதியிலும் மாவாட்ட வேண்டும். 22 போட்டால் ஒரு சுற்றுக்கு நாலரை மீட்டர். நிமிஷத்துக்கு 60 சுற்று, மணிக்கு 16 கிலோமீட்டர். அதற்கு மேல் வேகம் வேண்டுமென்றால் கால் கோழி கிளறுவதுபோல் சுழல வேண்டும்; பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். வெட்கமும் ஒரு பிரேக்தான். இந்த வண்டியில் கம்பி பிரேக்கைவிட அது நன்றாகப் பிடிக்கிறது.

செலவு: டயர் டியூப் ஜோடி 1,100, செயினும் ஃப்ரீவீலும் 480, பால்ரஸ், கோட்டர் பின், பிரேக் கட்டை வகையில் 270, கூலி 800. வண்டி விலையோடு 4,850 ரூபாய். மார்புப் பட்டையும் கடிகாரமும் சேர்ந்து இதைவிடப் பல மடங்கு.

என் பாதை வடவள்ளியிலிருந்து வேடபட்டி வழியாகப் பேரூர், நொய்யல் பாலத்தைப் பார்த்துவிட்டு அதே வழியில் திரும்புவது. போக வர 14 கிலோமீட்டர் சொச்சம், 55 நிமிஷம். திங்களும் வெள்ளியும். கோயில் பக்கம் ஒரு கடையில் டீ, சர்க்கரை இல்லாமல். வழியில் பாக்குத் தோப்பு, வாழை, காலையில் தண்ணீர் பாய்ச்சிய மண்வாசனை. ஒன்பது வருஷமாக அதே ரோட்டில் ஓட்டியிருக்கிறேன். அங்கே ஓரத்தில் ஒரு சுமைதாங்கிக் கல் நிற்பதை இந்த வண்டியில் போகும்போதுதான் முதல் முறையாகப் பார்த்தேன்.

முதல் திங்கட்கிழமையே பரீட்சை வந்துவிட்டது. அரசு கொடுத்த சைக்கிளில் பள்ளிக்கூடப் பிள்ளை ஒருத்தி, பின்னால் தோழியை உட்கார வைத்துக்கொண்டு, என்னை முந்தினாள். பழைய வழக்கத்தில் எழுந்து மிதித்தேன். 21 கிலோ வண்டி அசைந்து கொடுத்தது, அவ்வளவுதான். அதற்குள் அவர்கள் வளைவு திரும்பிவிட்டார்கள். உட்கார்ந்துவிட்டேன். பட்டை 97 என்று காட்டியது.

உட்காரும் விதம் எனக்கு எதிர்பாராத லாபம். ஹேண்டில்பார் உயரம், முதுகு நேராக நிற்கிறது. கியர் வண்டியில் குனிந்தே ஓட்டி எனக்குச் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும். இதில் கை சும்மா தொட்டுக்கொண்டிருந்தால் போதும். ஒன்றரை அங்குல டயரும் சீட்டின் அடியில் உள்ள ஸ்பிரிங்கும் குழியை விழுங்கிவிடுகின்றன. ஆனால் உடம்பின் பாரம் முழுக்க உட்காருமிடத்தில் இறங்குகிறது. 50 நிமிஷத்துக்கு மேல் அந்தச் சீட்டில் உட்கார முடியாது. குறை என்று எழுத நினைத்தேன். யோசித்தால் அதுவும் சௌகரியம்தான். ஓய்வு ஓட்டம் ஒரு மணியைத் தாண்டக் கூடாது. எனக்கு நேரம் பார்க்கத் தெரியாது, சீட்டு பார்த்துக்கொள்கிறது.

உண்மையான குறைகள் வேறு. முதலாவது மழை. இந்த பிரேக் கட்டைகள் ரிம்மின் உட்பக்கத்தைக் கீழிருந்து மேலாக இழுத்துப் பிடிப்பவை. இரும்பு ரிம் நனைந்துவிட்டால் பிடி பாதிகூட இருக்காது. போன ஜூன் சாரலில் வேடபட்டி அருகே வாழைத்தார் ஏற்றிய டெம்போ ஒன்று திடீரென்று நின்றது. நான் நிற்கவில்லை. இரண்டு காலையும் தரையில் தேய்த்துக் கடைசியில் தார்களுக்கு ஒரு கை தூரத்தில் நின்றேன். செருப்பு போனது. அன்றிலிருந்து ரோடு ஈரமாக இருந்தால் இந்த வண்டி வெளியே வருவதில்லை. நம் வயதில் ஒரு விழுந்தெழுதல் ஆறு மாதத்தை விழுங்கிவிடும்.

இரண்டாவது காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக் காற்று வரும்போது நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் மனிதன் பாய்மரம்தான். மேற்கே திரும்பினால் நடக்கிற வேகத்தில் போனாலும் துடிப்பு 118 வரை போயிருக்கிறது. லேசான ஓட்டம் என்பது வேகத்தில் இல்லை, உடம்பு போடும் உழைப்பில் இருக்கிறது என்பதை ஆடி மாதம்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தது. அப்படிப்பட்ட நாளில் பாதியில் திரும்பிவிடுகிறேன்.

மூன்றாவது மேடு. சின்ன மேடு என்றால் 22 பல் ஏற்றிவிடும். மேம்பாலம் என்றால் இறங்கி உருட்ட வேண்டியதுதான். கூச்சப்படாமல் உருட்டுங்கள். எலும்பு உறுதிப்பட உடம்பின் எடை காலில் இறங்க வேண்டும். சைக்கிள் எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினாலும் அதைத் தராது. நடந்தால்தான் அது கிடைக்கும். கோயமுத்தூரில் ஏற்ற இறக்கமான பகுதியில் குடியிருப்பவர்கள், அதாவது மருதமலை அடிவாரம், கோவைப்புதூர் பக்கத்தவர்கள், இந்த வண்டியை வாங்கவே வேண்டாம். உங்கள் கியர் வண்டியிலேயே மிகச் சின்ன கியரைப் போட்டுக்கொண்டு ஒழுக்கமாக ஓட்டுங்கள். ஒழுக்கம் இல்லாதவனுக்குத்தான் இந்த வைத்தியம்.

பராமரிப்பில் ஒன்று சொல்ல வேண்டும்.  15 நாளைக்கு ஒரு முறை கடைக்குப் போய்க் காற்றடிக்கிறேன். மற்றபடி செயினுக்கு எண்ணெய், அவ்வளவே. தூக்கி மாடிக்குக் கொண்டுபோவது நடக்காத காரியம். கீழே நிறுத்த இடமிருப்பவர்கள் மட்டும் யோசிக்கலாம்.

பலன் என்ன என்று கேட்பீர்கள். 14 மாதத்தில் காலை நாடித்துடிப்பு 55-க்கு இறங்கிவிட்டது. முழங்கால் பிடிப்பு போய்விட்டது. போன டிசம்பரில் 200 கிலோமீட்டரை 11 மணி 48 நிமிஷத்தில் முடித்தேன், 58 வயதில் ஓட்டியதைவிட 22 நிமிஷம் குறைவு. எல்லாம் வண்டியின் புண்ணியம் என்று சொல்லமாட்டேன். அதே சமயத்தில் ராத்திரி 9.30-க்குப் படுக்க ஆரம்பித்தேன், காலையில் இரண்டு முட்டை சேர்த்தேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஏற்றத்தில் பையன்களோடு முழு மூச்சாக ஏற முடிகிறதென்றால் அது திங்களும் வெள்ளியும் நான் ஏறாததால்தான்.

இதையே பெரிய அளவில் செய்து காட்டிய கிழவர் ஒருவர் இருந்தார். பிரான்ஸ் நாட்டு ரொபேர் மர்ஷான், 1911-ல் பிறந்தவர். 2012-ல் 100 வயதில் ஒரு மணி நேரத்தில் 24.25 கிலோமீட்டர் ஓட்டினார். இரண்டு வருஷம் கழித்து, 102 வயதில், 26.927 கிலோமீட்டர். வயது ஏற வேகமும் ஏறியிருக்கிறது. இடைப்பட்ட காலத்தில் அவருடைய பயிற்சியை வெரோனிக் பில்லா என்ற உடலியக்க ஆய்வாளர் கவனித்து எழுதியிருக்கிறார். வருஷத்துக்கு 5,000 கிலோமீட்டர். அதில் 80 சதவீதம் லேசாக, 20 சதவீதம் கடினமாக. உடம்பு ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும் அளவு ஒரு கிலோ எடைக்கு நிமிஷத்துக்கு 31 மில்லிலிட்டரிலிருந்து 35-க்குக் கூடியது. ஒரே மனிதரை வைத்து எல்லாருக்கும் விதி எழுத முடியாது. அவர் போன்றவர்கள் நூற்றாண்டுக்கு ஒருவர். ஆனால் அந்த 80-ஐ நான் குறித்துவைத்துக்கொண்டேன். என் பழைய கணக்கைப் புரட்டிப் பார்த்தால் லேசாக ஓட்டியது 20 சதவீதம்கூடத் தேறாது.

பிராண்டு எது என்று கேட்டு ஏற்கெனவே இரண்டு பேர் போன் செய்துவிட்டார்கள். பெயர் உரிந்துபோய்விட்டது, தேவையும் இல்லை. இந்த வகைக் கறுப்பு வண்டிகள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அச்சுதான். வாங்கும்போது ஃபிரேமில் பற்றவைத்த தடம் இருக்கிறதா, ஃபோர்க் வளைந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மற்ற எதுவும் மாற்றக் கூடியது. உயரமும் பார்க்க வேண்டும்: பாரின் இருபுறமும் கால் போட்டு நின்றால் இரண்டு காலும் தரையில் பதிய வேண்டும். எனக்கு முதலில் காட்டிய 24 அங்குல ஃபிரேம் வண்டியில் நான் குரங்குப் பெடல்தான் போட்டிருக்க முடியும்.

ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்றால், ஓய்வு நாளுக்கு நாலரை, மழை நாளுக்குப் பூஜ்யம்.

டைனமோ மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. டயரில் உரசி ஓடும் பழைய பாட்டில் டைனமோ, விளக்கோடு, யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். அதைப் போட்டால் வண்டி இன்னும் கொஞ்சம் மெதுவாகப் போகும் என்று கடைக்காரர் ஆசை காட்டியிருக்கிறார்.